சீனிவாச பிள்ளைக்குக் கடிதம்

இரண்டு வருஷத்துக்கு மேல் வெளிதேசங்களில் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், வந்த நாலாம் நாள் சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தார். நானும் சந்தோஷமாகத்தான் வரவேற்றேன். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன். குளிர் ஜாஸ்தியோ என்று கேட்டேன். அவர் குளிரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது, எங்கள் தெருவில் சாக்கடை வெட்டுகிற சண்டை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் நல்ல மனுஷர். நடுநடுவே சாக்கடையைப் பற்றி இரண்டொரு கேள்விகள்கூடக் கேட்டார். காப்பி குடித்துவிட்டு, கையில் கொண்டு வந்திருந்த தடித்த நோட்டுப் புஸ்தகத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

"அவர் ஏதோ படித்துக் காட்ட வந்தார் போலிருக்கிறது. நீங்கள் எங்கே விட்டீர்கள்?" என்றாள் என் மனைவி.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது ஏனுகுல வீராஸ்வாமியின் 'காசியாத்திரை சரித்திரம்'. இல்லாவிட்டால் மனைவி சொன்னதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வீராஸ்வாமி சென்னைப்பட்டணத்துத் தெலுங்குப் பிராமணர். சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி வேலை. அதாவது சாட்சியும் நீதிபதியும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும்படி இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்று சொல்லும் வேலை. 1830-ம் வருஷம் மே மாதம் 18-ம் தேதி இரவு தண்டையார்பேட்டையில் இருந்த தம் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டு, மாதவரத்துக்குப் போய்ச் சேருகிறார். குடும்பத்தார், பரிவாரம், வேலையாட்கள் எல்லாருமாகச் சுமார் நூறு பேர். திருப்பதி, அஹோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகை, காசி. அப்புறம் கங்கையில் படகு, கயை, கல்கத்தா. அங்கிருந்து ஜகந்நாதம், கிழக்குக் கரையோரமாகவே தெற்கே இறங்கி, 1831 செப்டம்பர் 3-ம் தேதி பட்டணம் திரும்புகிறார். மொத்தம் பதினைந்தரை மாதம். தேசத்தில் பிரயாணிகள் ரயில் ஓடுவதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

பட்டணத்தில் அவருக்குக் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளை என்று ஒரு சிநேகிதர். பின்னாளில் பச்சையப்ப முதலியார் தர்மத்தின் காரியங்களில் அடிபடுகிற பெயர் இவருடையதுதான். 'போகிற இடங்களில் பார்ப்பதையெல்லாம் எனக்கு எழுதவேண்டும்' என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீராஸ்வாமி தினசரிக் குறிப்பு வைத்துக்கொண்டு அதையே கடிதங்களாக அனுப்பிக்கொண்டு வந்தார். அந்தக் கடிதங்கள்தாம் புஸ்தகம். வீராஸ்வாமி 1836-ல் காலமானார். 1838-ல் சீனிவாச பிள்ளை தாமே முன்கை எடுத்து அச்சிட்டார். 1941-ல் திகவல்லி வேங்கட சிவராவ் மறுபடியும் நல்ல முறையில் பதிப்பித்தார். 1973-ல் இங்கிலீஷிலும் வந்திருக்கிறது. நான் படித்தது இங்கிலீஷ்தான். தெலுங்கு எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். சில பகுதிகளை மட்டும், தெலுங்கு தெரிந்த ஒருவரை உட்கார்த்தி வைத்து, மூலத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அப்படி வாசித்தவர் ஐம்பது பக்கத்தில் கொட்டாவி விட்டார். "என்ன சார் இது, மளிகைக் கணக்கு மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் இத்தனை தூரம், வழி கல்லா மணலா, ஆற்றைக் கடக்கப் பரிசலா படகா, ஊரில் எத்தனை வீடு, கடை உண்டா, தண்ணீர் குடிக்கலாமா, இறங்கி இளைப்பாற மரத்து நிழல் உண்டா, சத்திரம் உண்டா என்று பக்கத்துக்குப் பக்கம் இதுதான். இமயமலையைப் பார்க்காமலே இமயமலைச் சாரலைப் பற்றி நாலு பக்கம் வர்ணிக்கத் தெரிந்த நமக்கு இது வறட்சியாகத்தான் படும். நானும் முதலில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

தள்ளிக்கொண்டு போகும்போதே ஒன்று உறைத்தது. இந்த மனுஷர் எனக்கு எழுதவில்லை. நூற்றைம்பது, இருநூறு வருஷம் கழித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்கப்போகிறவனின் ரசனையைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. கோமளேஸ்வரன்பேட்டையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பரிவாரம் என்றால் என்ன, கோர்ட்டு என்றால் என்ன, பட்டணத்தில் அரிசி என்ன விலை விற்கிறது என்பதெல்லாம் தெரியும். ஸ்ரீசைலத்துக் காட்டு வழியைத்தான் தெரியாது. நாளைக்கு அவரே புறப்படலாம். அவர் வீட்டிலிருந்து யாராவது புறப்படலாம். அப்போது, தண்ணீர் இல்லாத ஊரில் போய் இறங்கிவிடக் கூடாது. மளிகைக் கணக்கு என்று என் நண்பர் சொன்னது முழுக்க முழுக்க இந்தக் கரிசனம். வேண்டியவர்கள் பிரயாணம் புறப்படும்போது, 'அந்த ஸ்டேஷனில் மட்டும் இட்லி வாங்காதே' என்று நாம் சொல்கிறோமே, அந்த ஜாதியைச் சேர்ந்த வாக்கியங்கள் இவை. இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த வாக்கியத்தைத் தங்களுக்கு யார் சொன்னார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கும்படி சொல்வேன்.

வரண்ட இடங்களைத் தாண்டி விஷயம் கனக்கிற இடங்களும் நிறைய உண்டு. ஸ்ரீசைலத்தில் கந்தனூர் நவாபு யாத்திரைக்காரர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்துகொண்டு, கோவிலைக் கவனிக்காமல் விட்டிருப்பதைச் சொல்லுகிறபோது, தொகைகளைத்தான் எழுதுகிறார், கோபத்தை எழுதவில்லை. தொகைகளைப் படிக்கும்போதே நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. கதை எழுதுகிறவன் பல வருஷம் தடுமாறிக் கற்றுக்கொள்ளும் வித்தை இது. கோர்ட்டில் சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு என்பதால் இவருக்குச் சுலபமாக வந்ததோ என்னவோ. காசியில் ஸ்நான கட்டங்களையும் சடங்குகளையும் கங்காபுத்திரர்களின் பிடுங்கலையும் சொல்லும்போதும் இதே நிதானந்தான். புண்ணிய க்ஷேத்திரத்துக்கு வந்த பக்தரும் கணக்குப் பார்க்கிற உத்தியோகஸ்தரும் ஒரே பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரைத் தள்ளிவிடுவதில்லை.

அந்தப் பேனாவின் பாஷையைப் பற்றியும் சொல்லவேண்டும். தெலுங்கில் வசனம் எழுதுவதென்றால் கிரந்த பாஷையில் எழுதுவதுதான் கௌரவம் என்றிருந்த காலம். இவர் பட்டணத்தில் பேசிய தெலுங்கிலேயே எழுதிவிட்டார். ஹிந்துஸ்தானி, இங்கிலீஷ், தமிழ் எல்லாம் வழியில் கிடைத்த மாதிரி வந்து விழுகின்றன. பிள்ளைக்கும் அந்தக் கலப்புப் பாஷைதான் பழக்கம். பண்டிதர்களுக்கென்று எழுத உட்கார்ந்திருந்தால் இந்த மனுஷரே நடுங்கியிருப்பார். நமக்கு ஒரு 'காசி மான்மியம்' கிடைத்திருக்கும். அந்த வகை நம்மிடம் ஏற்கனவே போதிய அளவுக்கு இருக்கிறது.

இதே மாதிரி, ஒருவருக்கென்றே எழுதி ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிரயாணக் கடிதங்கள் வேறு தேசங்களிலும் உண்டு. இஸபெல்லா பேர்ட் என்ற இங்கிலீஷ்க்காரி 1873-ல் அமெரிக்காவின் ராக்கி மலைகளில் குதிரைமேல் சுற்றினாள். ஸ்காத்லாந்தில் மல் தீவில் டோபர்மோரி என்ற சின்ன ஊரோடு தன் வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்டிருந்த தங்கை ஹென்ரியெட்டாவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். 1879-ல் அது புஸ்தகமாயிற்று. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். தங்கைக்கு எழுதியதில் சிலவற்றை, முக்கியமாக மலையில் சந்தித்த ஜிம் நியூஜெண்ட் என்ற முரட்டு ஆசாமி தன்மேல் கொண்ட ஆசையைப் பற்றி எழுதியதை, அச்சுக்குக் கொடுக்கும்போது மழுப்பிவிட்டாள். அசல் கடிதங்கள் பின்னால் வெளிவந்தபோதுதான் மழுப்பியது தெரிந்தது. சந்தைக்கு வேண்டியது மலை. தங்கைக்கு வேண்டியது அக்காளின் மனசு. 1879-ல் மலாய் நாட்டில் சுற்றியபோதும் தங்கைக்குத்தான் எழுதினாள். அந்தக் கடிதங்கள் புஸ்தகமாக வந்தது 1883-ல். ஹென்ரியெட்டா 1880-லேயே இறந்துவிட்டாள். புஸ்தகம் அவள் ஞாபகத்துக்குச் சமர்ப்பணம். ஸிங்கப்பூர்த் தெருக்களில் அவள் கண்ணில் பட்ட நம் தமிழர்களின் நிறமும் உடையும் அதில் வருகின்றன. படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வரிகளைப் படிக்கவேண்டியவள் அச்சில் படிக்கவில்லையே என்பதுதான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

வீராஸ்வாமியின் விஷயத்தில் இது தலைகீழ். எழுதினவர் போய்விட்டார், பெற்றவர் இருந்தார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமரிசனம் என்று பெயர் வைப்பது தப்பு. வேதாந்த விசாரம், ஆசாரம், வர்ண தர்மம் என்று இடையிடையே அவர் நிற்கும் இடங்கள் நீளம். கம்பெனி ஆட்சியிடம் அவருக்கு இருக்கும் விசுவாசம் நம்மை நெளிய வைக்கிறது. சம்பளம் வாங்கும் இடத்தின்மேல் விசுவாசம் மனுஷ சுபாவந்தான். ஆனால் யாத்திரைக்காரர்களிடம் அந்தக் கம்பெனியே பிரயாகையிலும் கயையிலும் ஜகந்நாதத்திலும் வரி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1840-ல்தான் அந்த வரி போயிற்று. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே அந்தஸ்தில் இருப்பதால் வருகிற குறை இது. ஒருவர் ஒப்புக்கொண்டதை மற்றவர் கேள்வி கேட்கமாட்டார். சிநேகிதனுக்கு எழுதும் கடிதத்தில் வெளிச்சம் விழாத மூலை இதுதான்.

அந்த மூலையில் நிற்கிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னொரு ஆசையும் வருகிறது. நூறு பேர் போனார்கள் என்றேன். அவர்களில் பல்லக்குத் தூக்கிகள் இருந்தார்கள். காசிக்குப் போகிற வழியை ஐயரைவிட அவர்களுடைய உள்ளங்கால் நன்றாக அறிந்திருக்கும். அவர்களும் 1831 செப்டம்பரில் வீடு திரும்பியிருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து பெண்டாட்டி பிள்ளைகளிடம் என்ன சொன்னார்களோ! 'கங்கை எப்படி இருந்தது?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். அல்லது, நான் செய்த மாதிரி, தெருச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்திருப்பார்கள்.

சீனிவாச பிள்ளை என்ன பதில் எழுதினார் என்பது புஸ்தகத்தில் இல்லை. இருப்பது ஒரு பக்கத்துப் பேச்சுத்தான். அப்படியும் அவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு தூரம் பிரயாணம் செய்து களைத்த மனுஷர் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த கிராமத்தின் கிணற்றை ஞாபகப்படுத்தி எழுதுவதென்றால், எழுதியதை ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் நடக்காது. பதினைந்தரை மாதம் அந்த நம்பிக்கை குலையவில்லை. புஸ்தகத்தில் பாதிப் பெருமையைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பரின் காலத்துக்குப் பிறகு அவருடைய ஜீவிய சரித்திரத்தையும் முன்னுரையில் எழுதி, அச்சுக்கூடத்துக்கு அலைந்து கொண்டுவந்தார் என்பதற்காக மட்டும் அல்ல. கேட்டாரே, அதற்காக.

இப்போதெல்லாம் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பிவிட முடிகிறது. என் நண்பரும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். பனி மூடிய தெருக்கள், ஒரு பாலம், ஏதோ ஒரு சந்தையில் குவித்து வைத்த மஞ்சள் நிறப் பழம். நான் ஒவ்வொன்றுக்கும் 'பலே' என்று போட்டேன். அது என்ன பழம் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டேனா என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். ஒன்று கேட்டிருக்கிறேன்: எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று.

இன்று காலை அவருக்கு டெலிபோன் செய்து, நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வரச்சொன்னேன். "எந்த நோட்டுப் புஸ்தகம்?" என்றார் முதலில். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சாக்கடை விஷயம் முடிந்துவிட்டதா என்றும் விசாரித்தார்.