‘காட்டில் உரிமை’ புதினமும் குடிமையியல் கல்வியும்

முன்னுரை

இந்திய அரசியலமைப்பு அவையில் 1946 டிசம்பர் 19 அன்று உரையாற்றிய ஜெய்பால் சிங் முண்டா, பழங்குடியினருக்கு மக்களாட்சியைக் கற்பிக்க இயலாது என்றும் அதனை அவர்களிடமிருந்தே ஏனையோர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பொருள்படப் பேசினார். விடுதலைக்குப் பிந்தைய பள்ளிக் கல்வி இக்கூற்றை எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஆராயத்தக்கது. அரசாங்கத்தின் அமைப்பு ஒரு பாடமாகவும் பழங்குடியினரின் எழுச்சி வேறொரு பாடமாகவும் வகுக்கப்பட்டன. இப்பிரிவினையால் சட்டத்திற்கும் வரலாற்றிற்கும் இடையிலான உறவு மாணவரின் பார்வையிலிருந்து மறைகிறது. அவ்வுறவை மீட்டுத் தரும் ஆற்றல் மகாசுவேதா தேவியின் ‘அரண்யேர் அதிகார்’ என்னும் வங்கப் புதினத்திற்கு உண்டு. அதன் தமிழாக்கமான ‘காட்டில் உரிமை’யை அடிப்படையாகக் கொண்டு அவ்வாற்றலையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

குடிமையியலின் தோற்றம்

குடிமையியல் என்னும் பாடம் காலனியாட்சிக் காலத்தில் இந்தியப் பள்ளிகளில் இடம்பெற்றது. ஆங்கில அரசின்மீது மக்கள் பற்றிழந்து வந்த சூழலே அதற்குப் பின்னணி என்பதைத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 சுட்டிக்காட்டியது. கீழ்ப்படியும் குடிமகனை உருவாக்குவது அப்பாடத்தின் நோக்கமாக இருந்தது. இதனால் அரசின் உறுப்புகள், அவற்றின் அதிகாரங்கள், குடிமகனின் கடமைகள் என்னும் வரிசையில் பாடம் அமைந்தது. யாருடைய கோரிக்கையால் ஒரு சட்டம் பிறந்தது என்னும் வினாவிற்கு அவ்வரிசையில் இடமில்லை. 2005ஆம் ஆண்டு வடிவமைப்பு இக்குறையை உணர்ந்து, குடிமையியல் என்னும் பெயரையே மாற்றுமாறு பரிந்துரைத்தது.

பாடநூலின் இரு இயல்கள்

அப்பரிந்துரையின் வழிவந்த தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் எட்டாம் வகுப்பு நூல்கள் 2008இல் வெளிவந்தன. 2025இல் புதிய நூல் வரும்வரை பயன்பாட்டில் இருந்தன. முந்தைய நூல்களோடு ஒப்பிடுகையில் இவை பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. வரலாற்று நூல் பழங்குடியினருக்கெனத் தனி இயல் ஒன்றை ஒதுக்கிப் பிர்சா முண்டாவின் இயக்கத்தை விளக்கியது. அவ்வியக்கத்தின் விளைவாக நிலத்தைக் காக்கும் சட்டங்களை ஆங்கில அரசு இயற்ற நேர்ந்தது என்றும் அது கூறியது. சமூக அரசியல் வாழ்வு என்னும் மற்றொரு நூல், விளிம்புநிலையாக்கம் பற்றிய இயல்களில் ஆதிவாசிகளின் இன்றைய நிலையையும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தையும் எடுத்துரைத்தது.

ஒரே வகுப்பில் ஒரே மாணவர் இவ்விரு நூல்களையும் பயின்றார். எனினும் 1900இல் முடிந்த எழுச்சிக்கும் 2006இல் வந்த சட்டத்திற்கும் இடைப்பட்ட பாதை எந்த நூலிலும் விரிவாக வரையப்படவில்லை. 1908ஆம் ஆண்டுச் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, பட்டியல் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியன அப்பாதையின் படிகள். இப்படிகள் விடுபடும்போது வரலாற்று நூலில் பழங்குடியினர் வில்லேந்திய வீரராகவும் குடிமையியல் நூலில் உதவி பெறும் பயனாளியாகவும் தோன்றுகின்றனர். சட்டத்தை உருவாக்கிய மக்கள் என்னும் மூன்றாவது தோற்றம் எங்கும் தெளிவாக எழுவதில்லை.

புதினம் காட்டும் அரசு

பிர்சா முண்டா இராஞ்சிச் சிறையில் 1900 ஜூன் 9 அன்று இறந்த நிகழ்விலிருந்தே மகாசுவேதா தேவியின் புதினம் தொடங்குகிறது. 1979இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இப்படைப்பைச் சு. கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கினார். நாயகனின் பிறப்பில் தொடங்காமல் சிறை மரணத்தில் தொடங்கும் இவ்வமைப்பு நோக்கத்தக்கது. வாசகர் முதலில் சந்திப்பது அரசை. சிறைச்சாலை, மருத்துவ அறிக்கை, விசாரணைக் கைதி ஆகிய சொற்கள் பாடநூலில் நிறுவனங்களின் பெயர்களாக நிற்பவை. புதினத்தில் அவை மனித உடலின்மீது செயல்படும் அதிகாரமாக உருப்பெறுகின்றன.

இரண்டாவதாக, வில்லுக்கு முன் மனு இருந்தது என்பதைப் புதினம் மறப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முண்டா சர்தார்கள் பல்லாண்டுகள் அரசுக்கு மனு அளித்தும் வழக்காடியும் தம் நில உரிமையைக் கோரினர். காட்டைத் திருத்திய குலத்தாருக்கே நிலம் பொதுவில் உரியது என்னும் ‘குந்த்கட்டி’ முறை சிதைந்து, ‘திக்கு’ என அவர்கள் அழைத்த வெளியார் கைக்கு நிலம் சென்றதே அக்கோரிக்கையின் காரணம். குடிமையியல் பாடம் கற்பிக்கும் நெறியான வழிகளையெல்லாம் கடந்தபின் எழுந்ததே 1899–1900 உல்குலான் என்னும் பேரெழுச்சி. மனுவை விட்டுவிட்டு வில்லை மட்டும் கற்பித்தால், அம்மக்கள் அரசியல் அறியாதவர் என்னும் பிழையான முடிவிற்கே மாணவர் வருவர்.

மூன்றாவதாக, உரிமை என்னும் கருத்தைப் புதினம் உணவின் வழியாகப் பேசுகிறது. ‘கட்டோ’ என்னும் கூழும் அதற்கு வேண்டிய உப்பும் மீளமீள வருகின்றன. உப்பிற்கே ஏங்கும் குடும்பத்தில் காட்டின் இழப்பு எத்தகையது என்பதை எந்த வரையறையும் இவ்வளவு தெளிவாக உணர்த்த இயலாது.

தலைப்பின் வேற்றுமை

தமிழாக்கத்தின் தலைப்பு தனியே கருதத்தக்கது. ‘அரண்யேர்’ என்பதில் உள்ள ‘ஏர்’ வங்க மொழியின் உடைமை உருபு. எனவே மூலத் தலைப்பிற்குக் காட்டின்மீது மக்களுக்குள்ள உரிமை எனவும் காட்டிற்கே உள்ள உரிமை எனவும் இருபொருள் கொள்ள இடமுண்டு. காட்டைத் தாயாகக் காணும் பிர்சாவின் உணர்வு இவ்விரண்டாம் பொருளுக்கு அரண் செய்கிறது. தமிழ்த் தலைப்போ ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபை ஏற்றுள்ளது. காடு இங்கு உரிமை செல்லும் இடமாகிறது. அக்காடு யாருடையது என்னும் வினா சற்றே பின்செல்கிறது.

இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. இரு மொழிகளின் இயல்பில் எழும் வேறுபாடு. ஆயினும் இவ்வேற்றுமையே வகுப்பறைக்குச் சிறந்த பாடமாகும். 1878ஆம் ஆண்டு வனச் சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்டவை, பாதுகாக்கப்பட்டவை, ஊர்க்காடுகள் எனப் பிரித்தது. அதன்வழிக் காடு அரசின் உடைமையாகி, மக்களுக்குக் காட்டில் சில பயன்பாடுகள் மட்டும் எஞ்சின. 2006ஆம் ஆண்டுச் சட்டமோ தனியாள் நில உரிமையோடு, காட்டைக் காத்து மேலாளும் சமூக உரிமையையும் ஏற்றது. ‘காட்டில்’ என்பதிலிருந்து ‘காட்டின்மீது’ என்பதை நோக்கிய இந்நகர்வே நூறாண்டுச் சட்ட வரலாறு எனலாம். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் அரசியலமைப்பையும் கற்பிக்கிறார்.

புதினத்தின் எல்லை

புதினத்தை வரலாற்று நூலுக்கு மாற்றாக வைப்பது ஏற்புடையதன்று. கே. எஸ். சிங்கின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, முண்டா அல்லாத ஒருவர் வங்க மொழியில் எழுதிய புனைவு இது. தமிழ் மாணவர் பெறுவது அதன் மொழிபெயர்ப்பு. முண்டா மக்களின் சொந்தக் குரல் இவ்வாறு பல படிகள் கடந்தே வந்து சேர்கிறது. மேலும், மரணத்தைச் சுற்றி அமைந்த கதை வாசகரிடம் இரக்கத்தையும் வியப்பையும் எழுப்புகிறது. தலைவனின் மறைவிற்குப் பின் வந்த சட்டங்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பழங்குடியினரைக் கடந்த காலத்தவராகக் காணும் மனப்போக்கிற்குப் புதினமும் தன்னையறியாமல் துணைபோகக் கூடும். ஆகவே அதனை 1908ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் பிற்கால நிகழ்வுகளோடும் இணைத்துப் படிப்பது இன்றியமையாதது.

கல்லில் எழுதிய பாடம்

அத்தகைய இணைவாசிப்பிற்கு அண்மைக் கால நிகழ்வுகள் இரண்டு துணைபுரிகின்றன. பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, வேளாண் நிலத்தைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்த வழிசெய்யும் மசோதாவை ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2016இல் நிறைவேற்றியது. கடும் எதிர்ப்பு எழுந்த நிலையில், ஆளுநராயிருந்த திரௌபதி முர்மு 2017இல் அதனைத் திருப்பியனுப்பினார். அரசும் பின்னர் அதனைக் கைவிட்டது. ஆளுநரின் அதிகாரங்களைப் பட்டியலாகப் படிக்கும் மாணவர், உல்குலானின் பயனாய் வந்த சட்டம் ஒன்றின் காப்பில் அவ்வதிகாரம் செயற்பட்டதை இங்குக் காண்கிறார்.

மற்றொன்று பத்தல்கடி இயக்கம். 2017, 2018ஆம் ஆண்டுகளில், பிர்சா பிறந்த உலிஹாத்து அமைந்துள்ள குந்தி மாவட்டத்துச் சிற்றூர்களில் பெரிய கற்பலகைகள் நாட்டப்பட்டன. ஐந்தாம் அட்டவணையின் விதிகளும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபைக்கு அளித்த உரிமைகளும் அவற்றில் எழுதப்பட்டன. இறந்தோர் நினைவாகக் கல் நடுவது முண்டாக்களின் தொன்மரபு. நடுகல் மரபை அறிந்த தமிழ் மாணவருக்கு இது அயலானதன்று. அப்பலகைகள் தந்த சட்ட விளக்கங்கள் சில கேள்விக்குள்ளாயின. அரசு தேசத் துரோக வழக்குகளைத் தொடுத்தது. 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற புதிய அரசு அவற்றைத் திரும்பப்பெற முடிவு செய்தது. பள்ளி தராத குடிமையியல் பாடத்தை ஒரு சமூகம் தானே கல்லில் எழுதிக்கொண்டது என்பதே இதன் உட்பொருள். அவ்விளக்கங்களுள் எவை பொருந்தும், எவை பொருந்தா என ஆராய்வது மாணவருக்கு உயர்ந்த பயிற்சியாகும்.

முடிவுரை

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆதலின் தமிழ் மாணவர் பலர் இவ்வட்டவணையைத் தேர்வுக்குரிய ஒரு குறிப்பாக மட்டுமே கடந்து செல்லக் கூடும். தமிழ்த்துறைகளில் மொழிபெயர்ப்பு இலக்கியமாகப் பயிலப்படும் ஒரு புதினம் இக்குறையைப் போக்க இயலும். ஒவ்வொரு நிறுவனத்திற்கும் பின்னுள்ள மனுவைத் தேடுதல், புனைவை ஆவணத்தோடு ஒப்பிடுதல், தலைப்பின் ஓர் உருபிலும் உரிமையின் தன்மையை வினவுதல் ஆகிய மூன்றும் அதற்குரிய வழிகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர் பட்டியல் பழங்குடியினர். அவர்களை வீரராகவோ பயனாளியாகவோ மட்டும் அறிந்து பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர், தாம் வாழும் அரசின் வரலாற்றையே அரைகுறையாக அறிந்தவராவார். ஜெய்பால் சிங் முண்டா அன்று நினைவூட்டிய கடன் இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பது இவ்வாய்வின்வழிப் புலனாகிறது.