பழைய படங்கள் இவ்வளவு மங்கலா?

இப்போதைய கல்யாண ஆல்பங்களில் மணப்பெண் முகத்தைச் சுற்றி ஒளி கசிகிறது. முழுக் கறுப்பு எங்குமில்லை, எல்லாம் சாம்பல் பூத்திருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில் கிளாரிட்டியை இறக்கி, டோன் கர்வின் அடிமுனையைத் தூக்கி, கொஞ்சம் கிரெய்ன் தூவினால் போதும், ‘அந்தக்காலத்து’ படம் தயார்.

இதற்குத் தேவை இல்லாமலில்லை. இன்றைய லென்ஸ்கள் தோலின் ஒவ்வொரு துளையையும் காட்டிக்கொடுக்கின்றன; மண்டபத்து எல்இடி விளக்கு வியர்வையை வெள்ளைத் திட்டாக்குகிறது. அளவோடு மென்மை சேர்த்தால் அந்தக் கடுமை தணியும், சரிகையின் மினுக்கமும் இதமாகப் பரவும். இதுவரை எனக்குச் சம்மதமே.

ஆனால் மென்மை என்பது எங்கே தளர்த்துவது என்ற முடிவு. 1863இல், 48 வயதில் கேமரா பிடித்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் குவியத்தை வேண்டுமென்றே தளர்த்தினார். கைத்திறன் போதாது என்று அன்றைய விமர்சகர்கள் ஏசினார்கள். 1867இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் நரைமுடி ஒளிப்புகையாகப் பரவியிருக்கும். கண்களோ நம்மை விடுவதில்லை. லைட்ரூமில் முன்கூட்டியே சேமித்துவைத்த மாற்றங்களை அப்படியே போடும் பிரீசெட்டுக்கோ கண்ணும் ஒன்று, காதும் ஒன்று.

வரலாறும் இடிக்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய ஸ்டூடியோ படங்களில் மீசை முடியை எண்ணலாம். நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்தவர் பருவையும் சுருக்கத்தையும் தணித்தார், பார்வையில் கைவைக்கவில்லை. மங்கல் பிறகு வந்தது: எழுபதுகளின் கலர் பிரிண்டுகள் பலவற்றில் சயான் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளிறியது, படம் சிவந்தது. பாட்டி ஸ்டூடியோவில் வாங்கி வந்த படம் பளிச்சென்றுதான் இருந்தது. பேரன் பெட்டியில் கண்டெடுத்ததைத்தான் பிரீசெட் நகலெடுக்கிறது.

பெரிய குறை நிறத்தில். கறுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பதே நிழல்தான். கன்னத்தின் வளைவு, தாடையின் விளிம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அடிமுனையைத் தூக்கியதும் அவை கரைந்து, மாப்பிள்ளை முகம் முழுக்கத் திருநீறு பூசியதுபோல நிற்கிறார். (சிவப்பாக்கிவிட்டோம் என்று எடிட்டர் நினைத்திருப்பார்.) மாஸ்க் போட்டு முகத்தை ஒதுக்கி, பின்னணியை மட்டும் தளர்த்தலாம். ஆயிரக்கணக்கான படங்களை ஒரே சொடுக்கில் முடிக்கும் இடத்தில் அதற்கு யாருக்கு நேரம்?

ஆல்பம் அச்சானபின் போன நிழல் திரும்பாது. முன்பணம் கொடுக்கும்போதே எடிட் செய்யாத ரா (RAW) கோப்புகளையும் பேசி வாங்கிக்கொள்வது நல்லது.