புதிய வரவுகள்: சொல்லும் மெட்டும்

இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் சேர்த்து வைப்போர் அனைவரும் ஒரு சிக்கலைச் சந்தித்திருப்பர். புதிதாக வந்ததை எந்த வரிசையில் வைப்பது என்பதே அது. பார்வைக்குச் சிறிய கேள்விதான். எனினும் இசையைக் குறித்து நாம் கொண்டுள்ள முடிவுகள் பலவும் அந்த வரிசைப்படுத்தலில் வெளிப்பட்டுவிடுகின்றன. மம்சாபுரத்தில் என் வீட்டு அலமாரியில் நீண்ட காலமாக நான்கு வரிசைகள் இருந்தன: இஸ்லாமியப் பாடல்கள், கர்நாடக இசை, திரையிசை, பிறநாட்டு இசை. அண்மையில் வந்து சேர்ந்த மூன்று ஒலிப்பதிவுகள் இந்தப் பிரிவினையைக் குலைத்துவிட்டன. அவை எழுப்பிய வினாவே இக்கட்டுரையின் பொருள்.

முதலாவது, ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்களின் நாகஸ்வரப் பதிவு. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியமர்ந்தவர். 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். நாகஸ்வரம் எங்கள் வட்டாரத்திற்குப் புதியதன்று. அண்டையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூர விழாவைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அவ்வோசை ஊரின் காற்றோடு கலந்த ஒன்று. ஆயினும் மௌலானாவின் ஆலாபனையைத் தனித்திருந்து கேட்கும்போதுதான் அதன் நிதானம் புலனாகிறது. விரைவைக் காட்டி வியக்கவைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ராகத்தை அவர் கட்டம் கட்டமாக, பொறுமையுடன் விரிக்கிறார். இதனைக் கர்நாடக வரிசையில் வைத்தால் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் தலைமுறைத் தவம் மறைந்துபோகிறது. இஸ்லாமிய வரிசையில் வைத்தாலோ அவர் வாசித்த கீர்த்தனைகளின் பக்தி மறைந்துபோகிறது.

இரண்டாவது, செனகல் நாட்டுப் பாடகர் யூசு என்தூர் 2004இல் வெளியிட்ட ‘ஈஜிப்ட்’. தம் நாட்டு சூஃபி ஞானிகளைப் போற்றும் பாடல்களை அவர் எகிப்திய இசைக்குழுவொன்றுடன் இணைந்து பாடியுள்ளார். ஆப்பிரிக்கக் கோரா யாழும் கெய்ரோவின் வயலின்களும் ஒன்றுக்கொன்று விடை சொல்லிக்கொள்கின்றன. உச்சத்தில் இயல்பாக உலவும் அவரது குரல் இரண்டிற்கும் பாலமாகிறது. இத்தொகுப்பு 2005இல் கிராமி விருது பெற்றது. ஆனால் சொந்த நாட்டில் முதலில் கடும் எதிர்ப்பையே சந்தித்தது. நடனப் பாடகரொருவர் ஞானிகளின் பெயரை விற்பனைப் பொருளாக்கலாமா என்று கேட்டனர். கடைகளிலிருந்து ஒலிநாடாக்கள் திரும்பி வந்தன. அந்த வினாவை எள்ளி நகையாடிவிட்டு நாம் கடந்து செல்ல இயலாது. அதே வினா நம் ஜமாஅத்துகளிலும் ஒலிப்பதுதான்.

மூன்றாவது, 2007இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘லயா புராஜெக்ட்’. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் தாக்குண்ட ஆறு நாடுகளின் கரையோர மக்களுடைய இசையை அவரவர் இடத்திலேயே பதிவுசெய்து, பின்னர் நவீன ஒலிகளைச் சேர்த்துத் தொகுத்த முயற்சி அது. அதில் நாகூர் தர்கா மரபுப் பாடகர்களின் குரலும் உண்டு. மின்னிசையின் பளபளப்பு சில இடங்களில் அக்குரல்களை மிகைத்துவிடுகிறது என்பது என் கருத்து. எனினும் குரல்கள் மேலெழுந்து நிற்கும் இடங்களில், பேரிழப்பிற்குப் பின்னும் ஒரு கரை தன் ராகத்தை மறக்கவில்லை என்பதை உணர்கிறோம்.

இம்மூன்றையும் எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ‘சமா’ எனப்படும் இசை கேட்டலுக்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கியுள்ளார். பாடுபவர், கருவி, சொல், கேட்பவரின் உள்ளநிலை, அதிலேயே மூழ்கிக் கிடக்கும் வழக்கம் எனப் பல கோணங்களிலிருந்து இசை விலக்கப்பட்டதாகும் சூழல்களை அவர் ஆராய்கிறார். கருவியிசையை முற்றாக மறுத்த அறிஞர்களும் நம் மரபில் பலர். அவர்களின் பேணுதல் மதிப்பிற்குரியது. இங்கு நான் சுட்ட விரும்புவது ஒன்றே: கஸ்ஸாலி இத்தனை கூறுகளையும் வைத்துச் சிந்தித்தார், நாமோ சொல் ஒன்றை மட்டும் வைத்து ‘இஸ்லாமியப் பாடல்’ என்று தீர்ப்பளித்துவிடுகிறோம்.

இவ்வெண்ணத்தோடு என் பழைய இஸ்லாமிய வரிசைக்குத் திரும்பினேன். அங்கே இசைமுரசு நாகூர் ஹனீஃபா (1925–2015) அவர்களே கோலோச்சுகிறார். ஒலிபெருக்கி தேவையில்லையோ எனத் தோன்றும் அக்கம்பீரமும், ஒரு மெய்யெழுத்துக்கூடச் சிதையாத தமிழ் உச்சரிப்பும் அவருக்கே உரியவை. ‘பாவ மன்னிப்பு’ (1961) முதல் இளையராஜா இசையமைத்த ‘செம்பருத்தி’ (1992) வரை திரைப்படங்களிலும் அக்குரல் ஒலித்தது. ஆகவே என் திரையிசை வரிசைக்கும் இஸ்லாமிய வரிசைக்கும் இடையிலான சுவர் முன்பே விரிசல் கண்டதுதான். ஆனால் அவரைப் பின்பற்றி வந்த எண்ணற்ற ஒலிநாடாக்களைக் கேட்கையில் வேறொரு உண்மை உறுத்துகிறது. அவற்றில் பலவற்றின் மெட்டு, முன்பு எங்கோ கேட்ட திரைப்பாடலின் மெட்டு. சொல் நம்முடையது, மெட்டு இரவல்.

இரவல் வாங்குவது குற்றமன்று. நம் முன்னோரும் வாங்கினர். பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். இன்று அக்குறிப்பு இருக்கிறது. அது சுட்டும் மெட்டைப் பாடிக்காட்ட ஆளில்லை. முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, மசலா ஆகிய நம் சிற்றிலக்கியங்களைப் பேராசிரியர்கள் ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் போன்றோர் அரும்பாடுபட்டு வரலாற்றில் நிலைநிறுத்தினர். எழுத்தைக் காத்தோம். அவை ஓதப்பட்ட ராகத்தைக் காக்கத் தவறினோம். யூசு என்தூருக்குத் திரும்பிச் செல்ல ஓர் இசை வேர் இருந்தது. மௌலானாவுக்கு ஒரு பாணி இருந்தது. நாகூரில் அது இன்னும் குரலாக உயிர்த்திருக்கிறது. நம் சிற்றூர்களில் அது வயது முதிர்ந்த சிலரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது.

மவ்லிது ஓதுவது குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஏற்போரும் மறுப்போரும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: பதிவு செய்தல் வேறு, பின்பற்றுதல் வேறு. ஒரு மூதாட்டி தொட்டிலருகே பாடும் தாலாட்டையும், ஒரு முதியவர் மனப்பாடமாகச் சொல்லும் முனாஜாத்தையும் பதிந்துவைக்க இன்று கைப்பேசி ஒன்றே போதும். பாடியவரின் ஊர், பாடிய நாள், யாரிடம் கற்றார் என்னும் குறிப்பையும் உடன் எழுதி வைத்தால் பின்வரும் ஆய்வாளருக்கு அது பெருந்துணையாகும்.

என் அலமாரியில் வரிசைப் பெயர்களை எடுத்துவிட்டேன். மௌலானாவுக்கு அருகே ஹனீஃபாவும், அவருக்கு அருகே யூசு என்தூரும் இருக்கின்றனர். அவர்களையடுத்து ஓரிடத்தை ஒழித்து வைத்திருக்கிறேன். எந்தக் கடையிலும் கிடைக்காத பதிவுகளுக்கான இடம் அது. கடைக்காரரால் அதனை நிரப்ப இயலாது. நம் வீடுகளின் பெரியவர்கள் இருக்கும்போதே நாம் சென்று கேட்டு நிரப்ப வேண்டியது அது.