ஆதித்த கரிகாலன் கொலையும் உடையார்குடிக் கல்வெட்டும்: சான்றுகளின் எல்லை

முன்னுரை

பாண்டியன் தலைகொண்டவன் எனப் புகழப்பெற்ற ஆதித்த கரிகாலன் சுந்தர சோழனின் மூத்த மகன். முதலாம் இராசராசனின் தமையன். கி.பி. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவன் கொல்லப்பட்டான் என்பதற்கு நேர்ச்சான்றாக நிற்பது, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டாகும். அக்கல்வெட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவணத்தின் இயல்பு

இராசகேசரி ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணையைக் கல்வெட்டு குறிக்கிறது. இராசகேசரி என்பது பட்டப்பெயரே. சுந்தர சோழனும் அப்பட்டம் உடையவன்; எனினும் அவனது இரண்டாம் ஆண்டு கொலைக்கு முற்பட்டது. உத்தம சோழனோ பரகேசரி. ஆகவே, ஆணையிட்டவன் கி.பி. 985இல் அரியணை ஏறிய இராசராசனே எனக் கொள்வது பொருந்தும்.

சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோர் துரோகிகளாகப் பெயர் சுட்டப்பெறுகின்றனர். கொலை நடந்த இடம், முறை, நோக்கம், தூண்டியவர் ஆகிய எவையும் கூறப்படவில்லை. ஏனெனில், இது கொலையை விவரிக்க எழுந்ததன்று. நிலவுடைமை பற்றிய ஆவணம்.

அறிஞர் கருத்துகள்

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ‘சோழர்கள்’ (1935) நூலில் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். ஐயத்திற்குத் துணையாவது திருவாலங்காட்டுச் செப்பேடு. சிற்றப்பன் நாட்டை விரும்பியதால் அருண்மொழி அரசை ஏற்கவில்லை என்று அது கூறும். ஆனால் அச்செப்பேடு இராசேந்திரன் காலத்துப் புகழுரை. அங்குச் சிற்றப்பனின் விருப்பம், இராசராசனின் துறவு மனப்பான்மையை உயர்த்திக் காட்டும் பின்புலமேயன்றிக் கொலைக்குச் சான்றாகாது. ஆதித்தனின் இறப்பையும் அது விண்ணுலகம் சேர்ந்ததாகவே பாடிச் செல்கிறது. மேலும், உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் கோயில்களை ஆராயும் உயர்பொறுப்பு வகித்தான் என்பதும் கருதத்தக்கது.

‘பஞ்சவன்’ என்னும் பட்டம் கொண்டு கொலையாளிகளைப் பாண்டியர் சார்பினர் என்பதும் உறுதியாகாது. பாண்டியரை வென்ற சோழரின் அரசியும் பஞ்சவன் மாதேவி எனப்பட்டாள். உடன்பிறந்தவனின் ‘இருமுடிச்சோழ’ என்னும் அடைமொழியோ வெளிப்படையாகச் சோழச் சார்புடையது.

உரோமும் கல்யாணமும்

கி.பி. 41இல் உரோமப் பேரரசன் கலிகுலா கொல்லப்பட்டதை யோசேபசு, சுவெட்டோனியசு ஆகியோர் பிற்காலத்தில் விரித்துரைத்தனர். சுவெட்டோனியசு, முதல் வெட்டு விழுந்தது பற்றியே இருவேறு செய்திகளைத் தருகிறார். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணத்தை ஆண்ட பிஜ்ஜளனின் முடிவை வீரசைவ மரபு ஒருவகையாகவும் சமண மரபு வேறுவகையாகவும் கூறுகின்றன. அங்கெல்லாம் கதைகள் மிகுதி. அவற்றுள் தேர்வதே ஆய்வாளரின் இடர். உடையார்குடியில் கதையே இல்லை. அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவதே இடர். 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அதனைப் புதினத்துக்குரிய உரிமையோடு நிரப்பியது. கடம்பூர் மாளிகையைக் கல்வெட்டுச் செய்திபோல ஆய்வேடுகளில் எழுதுவதற்கு அவ்வுரிமை இல்லை.

முடிவுரை

கல்வெட்டு மிக விரிவாகப் பேசுவது கொலையாளிகளைப் பற்றியன்று. அவர்தம் உறவினரைப் பற்றியே. உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், தாயர், மாமன்மார், பெண் கொண்டவர் எனக் கிளைக்கும் சுற்றத்தின் உடைமைகள் அனைத்தும் ஆணைக்குள் வருகின்றன. கொல்லாதவரும் நிலம் இழந்தனர். கொன்றவர் யார், கொல்வித்தவர் யார் எனத் துப்பறிவதில் ஆய்வுலகம் செலவிட்ட உழைப்பில், மணவுறவின் வழியே குற்றம் பரவியதாகக் கருதிய இத்தண்டனை முறை உரிய கவனம் பெறவில்லை. ஆவணம் விடையளிக்கக்கூடிய வினா இதுவே. அதனை எழுப்புவது, கொலையாளியைத் தேடுவதினும் சோழர் சமூகத்தை நமக்கு நெருக்கமாகக் காட்டும்.