எத்தனை முறை குத்துவது?

கல்கத்தாவுக்கும் சர்க்கரை நோய்க்கும் பழைய உறவு. 1907-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றி ஒரு விவாதம் வெளிவந்தபோதே, உட்கார்ந்து எழுத்து வேலை பார்க்கும் படித்த வங்காளிகளிடையே இந்த நோய் மிகுதி என்று பேச்சு இருந்தது. அன்று அளப்பதற்கு இருந்தது சிறுநீர் மட்டுமே. பிறகு பெனடிக்ட் கரைசல் வந்தது: 5 மில்லி நீல நிறக் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும் என்பதால் அந்தச் சோதனை எப்போதும் தாமதமாகவே சேதி சொன்னது. இன்று ரத்தத்துளி பட்ட ஐந்தாம் நொடியில் எண் வந்துவிடுகிறது. இத்தனை எளிதான பிறகு அதை எத்தனை முறை பார்ப்பது என்பதில் மட்டும் தெளிவு வரவில்லை.

தெற்கு கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் சரி, வடக்கு கல்கத்தாவின் பழைய வங்காளி வீடுகளிலும் சரி, மேசை மேல் குளுக்கோமீட்டர் இருக்கிறது. தினமும் குத்துவதே பொறுப்பான நோயாளிக்கு அடையாளம் என்பது பொதுக் கருத்து. இன்சுலின் போடாதவர்களைப் பொறுத்தவரை ஆய்வுகள் இதற்கு நேர் எதிரே நிற்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரின் டைஜெம் ஆய்வு 2007-ல் வந்தது. இன்சுலின் போடாத 453 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். வீட்டில் குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஹெச்பிஏ1சி அளவில், அதாவது நாம் மூன்று மாதச் சராசரி என்று சொல்வதில், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு வட அயர்லாந்தின் எஸ்மான் ஆய்வு, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 184 பேரில் அதையே கண்டது. குத்திப் பார்த்தவர்களின் மனச்சோர்வு அளவு மட்டும் 6% கூடியிருந்தது. 2012-ன் காக்ரேன் தொகுப்பு 12 ஆய்வுகள், 3,259 பேரை அலசியது: ஆறு மாதத்தில் 0.3 புள்ளி குறைவு, ஓராண்டில் 0.1 புள்ளி, அதுவும் புள்ளியியல் கணக்கில் நிற்காதது. 2017-ல் வட கரோலினாவில் 450 பேரை வைத்து நடத்திய ஆய்வும் வேறு சொல்லவில்லை. அமெரிக்காவின் பொது உள்மருத்துவச் சங்கம் 2013-லேயே, இன்சுலின் இல்லாதவர்களைத் தினம் குத்தச் சொல்லாதீர்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்திவிட்டது.

இதோடு தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. டைஜெமில் சேர்ந்தவர்களின் சராசரி ஹெச்பிஏ1சி தொடக்கத்திலேயே 7.5. அதாவது, ஏற்கெனவே ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்கள். அங்கே இறக்குவதற்கு அதிகம் இல்லை. 9, 10 என்று வந்து நிற்கும் நம் ஊர் நோயாளிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது அவசரம்.

எதிர்த் தரப்பின் வலுவான சான்று 2011-ல் வந்த ஸ்டெப் ஆய்வு. அதில் 483 பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள் மட்டும், ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பின்னும் படுக்கும் முன்பும் என நாளுக்கு ஏழு முறை குத்திப் படிவத்தில் குறித்து மருத்துவரிடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து அவர் மருந்தை மாற்றினார். ஹெச்பிஏ1சி 1.2 புள்ளி இறங்கியது. ஆனால் படிவம் இல்லாத குழுவிலும் 0.9 இறங்கியது, நிகர லாபம் 0.3 தான். பணம் போட்டது மீட்டர் விற்கும் ரோஷ் நிறுவனம். இவ்வளவையும் கழித்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது: எண்ணைப் பார்த்து யாராவது எதையாவது மாற்றும்போதுதான் சர்க்கரை இறங்குகிறது. முந்தைய ஆய்வுகள் பலவற்றில் எண்கள் சேர்ந்தன. அவற்றை வைத்து மருந்தை மாற்ற ஆள் இல்லை. நம் வீடுகளிலும் அதே கதைதான்.

ஒரு பெரியவரின் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீல மையில், கோடு போட்டு, தேதி தவறாமல்: 128, 131, 126, 134. எல்லாம் காலை வெறும் வயிற்றில் பார்த்தவை. மதியச் சோற்றுக்கும் மீன் குழம்புக்கும் பிறகு ஒரு நாளும் பார்க்கவில்லை. மாலை டீயோடு வரும் சந்தேஷ் இனிப்புக்குப் பிறகும் இல்லை. அவருடைய ஹெச்பிஏ1சி 8.4. நாள் முழுதுக்குமான சராசரி 194 சொச்சம் என்று அதற்குப் பொருள். நல்ல எண் வரும் நேரமாகப் பார்த்துக் குத்தியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போது பார்க்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த நோட்டுக்கு ஆன ஸ்ட்ரிப்பில் பத்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செலவிட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும்.

கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஐஎஸ்ஓ 15197 தரவிதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவில் மீட்டர் 15% வரை கூடவோ குறையவோ காட்டலாம். உண்மையில் 180 இருப்பவருக்கு 153-ம் வரலாம், 207-ம் வரலாம். நேற்று 142, இன்று 156 என்று கலங்கி இட்லியில் ஒன்றைக் குறைப்பவர் பெரும்பாலும் கருவியின் தள்ளாட்டத்தோடு சண்டை போடுகிறார். கொல்கத்தாவின் மழைக்கால ஈரம் வேறு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் கெட்டுப்போகும். கை கழுவாமல் குத்துவது இன்னும் மோசம். மாம்பழமோ இனிப்போ தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே எண்ணை எங்கோ ஏற்றிவிடும். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, விரல்நுனியின் பக்கவாட்டில் குத்துவதே முறை. நடுச்சதையில் குத்தினால் வலி அதிகம்.

அப்படியானால் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பலாமா? வங்காளத்தில் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில் நிற்கும் சோதனை அது. தலசீமியா மரபணு சுமப்பவர்களும் ஹீமோகுளோபின் ஈ உள்ளவர்களும் கிழக்கிந்தியாவில் கணிசம். சில ஆய்வக முறைகளில் அவர்களுடைய ஹெச்பிஏ1சி தவறாக வரும். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை அதைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். மீட்டர் ஒன்றும் மூன்று மாதச் சோதனை வேறொன்றும் சொன்னால் நோயாளி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும். மேற்கத்திய வழிகாட்டிகளை இங்கே வரிக்கு வரி பின்பற்ற முடியாததற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ‘இன்சுலின் இல்லாதவர்’ என்று ஆய்வுகள் ஒரே கூடையில் போடுவோரில் இருவகை உண்டு. வெறும் மெட்ஃபார்மின் விழுங்குபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மலிவு மாத்திரைகள் அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. நம் நாட்டில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை சர்வசாதாரணம். துர்கா பூஜை அஷ்டமி அன்று வங்காளிகள் அஞ்சலி செலுத்தும்வரை பட்டினி. பழக்கத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பந்தலில் கூட்டத்தோடு காத்திருப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கினால் அது பக்திப் பரவசம் அல்ல. அன்று ஸ்ட்ரிப் கைவசம் இருந்தாக வேண்டும். மாத்திரையை எப்போது போடுவது என்பதை முந்தின வாரமே மருத்துவரிடம் கேட்டிருக்கவும் வேண்டும். ரம்ஜான் நோன்புக்கும் இதே கணக்கு. குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்கள் பரவலாக ஏற்ற கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

ஆக, என் தீர்ப்பு இது. உணவுக் கட்டுப்பாட்டிலோ மெட்ஃபார்மினிலோ சீராக இருப்பவருக்குத் தினசரிக் குத்தல் தேவையில்லை. இலக்கை எட்டும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு ஹெச்பிஏ1சி, எட்டிய பின் ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் மூன்று நாள் மட்டும், முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி கழித்தும், மறுநாள் மதியம், மூன்றாம் நாள் இரவு என்று ஆறே ஆறு ஸ்ட்ரிப் செலவழியுங்கள். மருந்து மாறினாலும் காய்ச்சலில் படுத்தாலும் கூடுதலாகப் பாருங்கள். கிளிமிபிரைடு வகைக்காரர் இதோடு விரத நாள், சாப்பாடு தள்ளிப்போன நாள், நடுக்கம் கண்ட நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர் விஷயத்தில் சலுகை கிடையாது: இரவு ஒருவேளை ஊசி என்றால் காலை வெறும் வயிற்றில் தினம், காலையும் இரவும் கலவை இன்சுலின் என்றால் அந்த இரண்டு வேளைக்கும் முன்னால்.

நடப்பு இதற்குத் தலைகீழ். ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு குத்துபவர் ஆண்டுக்கு 14,600 ரூபாய் செலவழிக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு ஹெச்பிஏ1சி, அதுவும் தனியார் ஆய்வகத்தில் எடுத்தால்கூட, ஆண்டுக்கு 2,000 சொச்சம்தான். காசு உள்ள மெட்ஃபார்மின்காரர் தினம் இருமுறை குத்துகிறார். அரசு மருத்துவமனை வரிசையில் நின்று இன்சுலின் வாங்கிப் போகும் வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் மீட்டரே இல்லை. மேற்கு வங்கத்தின் ஸ்வாஸ்திய சாத்தி மருத்துவக் காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும், ஸ்ட்ரிப்புக்கு அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2013-ல் இதை நேர்செய்தது: அரசு செலவில் ஆண்டுக்கு இன்சுலின்காரருக்கு 3,000 ஸ்ட்ரிப், சர்க்கரையை ஆபத்தாக இறக்கக்கூடிய மாத்திரைக்காரருக்கு 400, மற்றவர்க்கு 200. நம் அரசுகள் அவ்வளவு கொடுக்க வேண்டாம். இன்சுலின் குப்பியைக் கொடுக்கும் அதே ஜன்னலில் ஒரு மீட்டரும் மாதத்துக்கு 50 ஸ்ட்ரிப்பும் கொடுக்கட்டும். கொல்கத்தாவிலும் சென்னையிலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.