பாராட்டு மட்டும் போதுமா?

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகம்! மடவார் என்றால் மகளிர். மகளிரைச் சுட்டும் சொல்லால் வழங்கும் இடம்; ஆண்டாள் என்னும் பெண்பாற் புலவரைத் தந்த ஊர். இங்கே கவிதைக்கு என்ன குறை என்று கேட்பர். குறை கவிதையில் அன்று. அதைக் கேட்கும் முறையில்தான் என்போம் நாம்.

தந்தை பெரியாழ்வாரும் மகள் ஆண்டாளும் ஓரில்லத்தில் வாழ்ந்து பாட்டு இயற்றினர் என்பது மரபு. ஆண்டாள் பாடியவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. அவற்றிலே ஒரு பெண்ணுள்ளம் தன் வேட்கையை மறைக்காமல் பேசுகிறது. எத்துணைத் துணிவு! நாடு என்ன செய்தது? பாடியவரைத் தெய்வமாக்கிற்று; பாட்டை மந்திரமாக்கிற்று. மார்கழியில் ஓதுவோர் பலர். இச்சொல் ஏன் இங்கே, இவ்வுவமை எதற்கு என்று ஆராய்வோர் சிலரே. பீடமேறிய பாட்டின் மேல் பூ விழும், கேள்வி விழாது.

பக்தரைப் பார்த்து நகைக்கிறீர்களா, தோழர்களே? சற்றுப் பொறுங்கள்! நம் கவியரங்குகளை எண்ணிப் பாருங்கள். தலைவருக்கு வாழ்த்து, தலைமை தாங்குவோருக்கு வாழ்த்து, பந்தலுக்கும் வாழ்த்து! மோனை மூன்று அடுக்கினால் கைதட்டல். எதுகை நான்கு இடித்தால் பொன்னாடை. புராணத்தை வரிவரியாய்ப் பிரித்து ஆராய்ந்த நாம், நம் தோழன் பாட்டில் ஒரு சொல் மிகை என்று கூறத் தயங்குகிறோம். எவரேனும் கூறிவிட்டாலோ, பகைவன் என்கிறோம். இதுவும் ஒருவகைப் பூசைதானே?

தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்டது என்று பாயிரம் கூறுகிறது. ஆசான் கேட்டு ஏற்ற பின்னரே நூல் உலகுக்கு வந்தது. திருவிளையாடற் கதையிலோ, இறைவன் பாட்டிலேயே நக்கீரர் குற்றம் கண்டார். கதையை நாம் நம்பவேண்டுவதில்லை. ஆனால் அதன் முடிவை நோக்குங்கள்: தண்டனை பெற்றவர் குற்றம் கண்டவரே! அதே தண்டனையைத்தான் இன்றைய மன்றங்களும் வேறு வடிவில் வழங்குகின்றன.

கூடி வளர்ந்த கவிதைக்கு நம்மிடம் சான்று இல்லையா? உண்டு. 1947இல் புதுக்கோட்டையில் தோன்றிய 'பொன்னி', 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பில் இளம்பாவலரை அறிமுகப்படுத்திற்று. சுரதாவும் முடியரசனும் அவ்வழி வந்தவர்களே. அது பிறப்பால் வந்த பரம்பரை அன்று. பயிற்சியால் வந்த பரம்பரை. ஆசானைப் போற்றியவர்கள் ஆசானின் நகலாகிவிடவில்லை. சுரதா உவமையில் தனிவழி கண்டார். 1955இல் 'காவியம்' என்னும் கவிதை வார ஏட்டையும் நடத்தினார்.

தொலைவில் தேடுவானேன்? அண்டையிலுள்ள இராசபாளையத்தைப் பாருங்கள். வில்லிபுத்தூர்க் கதையைக் கிருட்டிணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்த மால்யதா' என்று பாடினார். அதைத் தமிழாக்கி 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர் இராசபாளையத்து மு. கு. சகந்நாத ராசா. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பாராமல் மொழிபெயர்க்க இயலுமா? கைதட்டும் ஆயிரவரினும் நிறுத்துப் பார்க்கும் ஒருவரே கவிதைக்குத் துணை.

எனவே நாம் வேண்டுவது இதுதான். திருவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூலகம் நிற்கிறது. படிக்கும் பழக்கம் ஊருக்குப் புதிதன்று. பத்துப் பேர் கூடுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பட்டமும் வேண்டாம். பாட்டை இருமுறை படியுங்கள். பாடியவர் வாய்மூடிக் கேட்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு நிறையும் ஒரு குறையும் காரணத்தோடு கூறட்டும். திருத்திய பாட்டு அடுத்த வாரம் மீண்டும் வரட்டும். சாதி கேட்டு இடம் தரும் மன்றத்திற்குள் கவிதை நுழையாது. மகளிர், கோலமிடவும் வரவேற்கவும் மட்டுமா? அவர்கள் பாடட்டும், நம் பாட்டின் பிழையையும் சுட்டட்டும். இடத்தின் பெயர் மட்டும் மடவார்க்கு, அரங்கு முழுதும் ஆடவர்க்கு என்றால் அது நீதியாகுமா?

எதையும் ஏன் என்று கேள் என்றோம். அக்கேள்வி நம் பாட்டையும் தொடட்டும். தொட்டால் வாடும் பாட்டு வாடிப் போகட்டும். தாங்கி நிற்பது தமிழுக்கு ஆகட்டும்!