பெயரில்லாத பாத்திரம்

சர்க்கார் அறிக்கையை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நடந்த விமானத் தாக்குதல்களை விசாரித்த கமிஷன், 2004-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஒரு விலக்கு. ஜனங்கள் அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். அந்நாட்டின் தேசியப் புத்தகப் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம் பெற்றது.

பெற்றதில் ஆச்சரியமில்லை. முதல் அத்தியாயத்தில் அலங்காரமே கிடையாது. மேகமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, வேலைக்குப் போகிறவர்கள், விமானம் பிடிக்க வருகிறவர்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் பொறாமைப்பட வேண்டிய தொடக்கம் அது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு.

வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையம். சதிகாரர்கள் சோதனை வாசலைக் கடக்கிறார்கள். சிலர் நுழையும்போது மணி அடிக்கிறது. இருவரை நிறுத்திக் கைக்கருவியால் தடவிப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அந்தப் படச்சுருளைப் பார்த்த நிபுணர், சோதனை மிகவும் சுமார் என்று தீர்ப்புச் சொன்னார். சிப்பந்திகளோ, விசேஷமாக எதுவும் நடந்ததாக ஞாபகமில்லை என்றார்கள். காட்சி அவ்வளவுதான்.

கொலைகாரர்களுக்கு இந்தப் புத்தகத்தில் ஊர் உண்டு, படிப்பு உண்டு, சிநேகிதர்கள் உண்டு. கைக்கருவியைப் பிடித்திருந்தவருக்கு முகம்கூட இல்லை. அவருக்கு என்ன கூலி? அந்த வேலைக்கு வந்து எத்தனை நாள்? இதைச் சொல்லாத காட்சியில் வாசகன் தானாகவே ஒரு முடிவுக்கு வருகிறான்: ‘கூலிக்கு நின்றவர்கள் கோட்டை விட்டார்கள்.’ நாடு முழுவதும் அன்று வந்த முடிவும் அதுதான்.

உண்மை கொஞ்சம் சிக்கலானது. அப்போது சோதனைப் பொறுப்பு விமானக் கம்பெனிகளுடையது. அவை அதைக் குறைந்த தொகை கேட்ட காண்டிராக்ட்காரர்களிடம் விட்டிருந்தன. 1998-99-இல் 19 பெரிய நிலையங்களை எடுத்துப் பார்த்தபோது, சிப்பந்திகள் வேலையை விட்டுப் போகும் விகிதம் ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு 126. செயின்ட் லூயிஸில் 416. அதாவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளே மாறியிருக்கிறது. அதே நிலையத்துப் பலகாரக் கடையில் கூலி அதிகம் கிடைத்தால் யார்தான் நிற்பார்கள்? தவிர, நாலு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை விமானத்தில் கொண்டுபோக அன்றைய விதியே இடம் கொடுத்தது. விதி அனுமதித்ததைச் சிப்பந்தி எப்படிப் பறிப்பார்?

மேல்சபை 100-க்கு 0 என்று வாக்களித்து, இனிமேல் சர்க்கார் ஊழியர்களே சோதிக்க வேண்டும் என்றது. கீழ்ச்சபையில், தனியார் ஆட்கள் இருக்கட்டும், மேற்பார்வை சர்க்காருடையதானால் போதும் என்ற கட்சி வலுத்தது. கடைசியில் 2001 நவம்பர் 19-இல் சட்டம் வந்தது. ஐந்து நிலையங்களை மட்டும் பரீட்சையாகத் தனியாரிடம் விட்டு, மற்றவற்றைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு நிபந்தனை: சோதிப்பவர் அமெரிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் அந்த வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். பிரஜையாகாமலே அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கலாம். பிரயாணியின் பெட்டியைப் பார்க்கக் கூடாது!

சர்க்கார் ஏற்றதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பளம் உயர்ந்தது, ஆட்கள் முன்போல் ஓடவில்லை. நன்மை அங்கேதான் இருந்தது, சட்டையில் குத்திய முத்திரையில் அல்ல. முத்திரையே போதுமென்றால், 2015-இல் வேவு பார்த்தவர்கள் 70 முறை முயன்று 67 முறை ஆயுதங்களையும் போலிக் குண்டுகளையும் கடத்திக் காட்டியிருப்பார்களா? 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் நிர்வாக முடக்கத்தில் சர்க்கார் சிப்பந்திகள் சம்பளமில்லாமல் நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோவின் தனியார் சிப்பந்திகளுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மற்ற சர்க்கார் ஊழியர்களுக்குச் சமமாக அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க 2023 வரை ஆயிற்று. எஜமானர் யார் என்று சண்டை போட்டவர்களில் எத்தனை பேர், ஊழியர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள்?

கமிஷன் அடியோடு மறந்துவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். சோதிப்பவர்களின் வேலைத் திறனை ஆராய்ந்து, அவர்களால் எட்டக்கூடிய இலக்குகளை வகுக்க வேண்டும் என்று இறுதிச் சிபாரிசுகளிடையே எழுதியிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் சிபாரிசாக வந்தவர் பாத்திரமாக வரவில்லை. காட்சியில் இல்லாத மனிதனை முடிவுரையில் கொண்டுவந்தால் வாசகன் மனத்தில் தங்குவதில்லை. எங்கள் தொழிலில் இது பழைய பாடம்.

பெயரைச் சொல்ல வேண்டாம். அன்று காலை கைக்கருவியோடு நின்றவர் அந்த வேலைக்கு வந்து எத்தனை நாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.